71 தோற்றது, 66 ஜெயித்தது! 'நார்மலைசேஷன்' என்ற சொல் செய்யும் வேலை

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்கால ரெயிலைப் பிடிக்க மாரிகுப்பத்துக்கு ஓடிய பிறகு, பெஞ்சில் மிஞ்சுகிறவர்கள் இரண்டே வகையினர். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் ஒரு வகை. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் இன்னொரு வகை.

ஒரு நாள் காலை. ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் மத்திய அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரே பரீட்சையை எழுதியவர்கள். ஆனால் ஒருவருக்குத் தேதி வேறு, மற்றவருக்குத் தேதி வேறு.

ஒருவர் 71 மார்க்கு. மற்றவர் 66. முடிவு வந்தபோது 71 எடுத்தவருக்கு 73 என்றும், 66 எடுத்தவருக்கு 76 என்றும் போட்டிருந்தது. தேர்வு பெறுவதற்கான எல்லை 75. ஆக, 66 எடுத்தவர் உள்ளே. 71 எடுத்தவர் வெளியே!

பக்கத்தில் இருந்த தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடா இது அநியாயம்? 71 பெருசா, 66 பெருசா?"

"இப்ப 66தான் பெருசு தாத்தா. நார்மலைசேஷன் பண்ணிட்டாங்களாம்."

"யாருடா அந்த ஆளு?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர் கேட்டது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல. இந்த ஒரு சொல்தான் இன்று லட்சக்கணக்கான பிள்ளைகளின் உத்தியோகத்தையும் மேல்படிப்பையும் முடிவு செய்கிறது. அப்படியானால் அது என்ன சொல்? எங்கிருந்து வந்தது? எங்கெல்லாம் வேலை செய்கிறது?

மேஸ்திரியின் மூலைமட்டம்

தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கும் மூலைமட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுவரின் மூலை நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

லத்தீன் மொழியில் இந்த மூலைமட்டத்துக்குப் பெயர் 'நார்மா'. அதிலிருந்து பிறந்ததுதான் 'நார்மல்'. மட்டத்துக்குச் சரியாகப் பொருந்துவது நார்மல். பொருந்தாததைப் பொருந்தும்படி செய்வது நார்மலைசேஷன்.

தமிழில் இதை 'இயல்பாக்கம்' என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 'சமப்படுத்துதல்' என்று பரீட்சை விஷயத்தில் சொல்கிறார்கள். பத்திரிகையில் 'சகஜநிலை' என்று எழுதுகிறார்கள். மூன்று தமிழ்ச் சொற்கள் தேவைப்படுவதற்குக் காரணம், அந்த ஒரு ஆங்கிலச் சொல் மூன்று வேலைகளைச் செய்வதுதான்.

ஒன்றை மறக்கக்கூடாது. மட்டம் தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் செய்து வைத்தது அது. மட்டமே கோணலாக இருந்தால், நேரான சுவரும் கோணலாகத்தான் தெரியும்.

சிவப்பு விளக்கும் நார்மல்தான்!

ரெயில்வேயில் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது. சிக்னலை இயக்கும் கேபினில் லீவர்களுக்கு இரண்டே நிலைகள்: 'நார்மல்', 'ரிவர்ஸ்'. தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டுக்கும் அதே இரண்டு நிலைகள்தான்.

ஸ்டேஷனில் ரெயிலை நிறுத்தி வைக்கும் சிக்னலுக்கு நார்மல் நிலை எது? பச்சை என்று பலரும் நினைப்பார்கள். இல்லை, சிவப்பு! ரெயில் வரவேண்டிய நேரத்தில்தான் அதை மாற்றுவார்கள். ரெயில் போன பிறகு மறுபடி நார்மலுக்கு, அதாவது சிவப்புக்குக் கொண்டு வருவார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. நார்மல் என்றால் 'நல்லது' என்று பொருள் அல்ல. 'எப்போதும் நடப்பது' என்றும் பொருள் அல்ல. 'இதுதான் அடிப்படை நிலை' என்று விதி வகுத்து வைத்தது என்றுதான் பொருள். அந்த விதியை வகுத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும். சிக்னல் விஷயத்தில் காரணம், உயிர்ப் பாதுகாப்பு.

ஷிப்ட் மாறினால் மார்க்கு மாறுமா?

இனி பரீட்சைக்கு வருவோம்.

முன்பெல்லாம் ஒரு பரீட்சை என்றால் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். இன்று கம்ப்யூட்டரில் பரீட்சை. எழுதுகிறவர்களோ கோடிக்கணக்கில்! 2019-ஆம் ஆண்டு ரெயில்வே வெளியிட்ட என்.டி.பி.சி. அறிவிப்பில் இருந்த வேலைகள் 35 ஆயிரம் சொச்சம். விண்ணப்பித்தவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர்! முதல் கட்டப் பரீட்சை 2020 டிசம்பர் 28-ந்தேதி தொடங்கி 2021 ஜூலை 31-ந்தேதி வரை, ஏழு பகுதிகளாக நடந்தது.

இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் கொடுக்க முடியாது. ஆகவே நாள்தோறும் ஷிப்ட் ஷிப்டாகப் பரீட்சை நடக்கிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் வெவ்வேறு கேள்வித்தாள். ஒரு தாள் சுலபமாக இருக்கும்; இன்னொன்று கடினமாக இருக்கும். கடினமான தாள் வந்தவர் என்ன பாவம் செய்தார்? அவருக்கு நியாயம் வழங்கத்தான் இந்த நார்மலைசேஷன்.

தங்கவயல்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு சுரங்கத்திலிருந்து பெரிய வண்டி நிறையப் பாறை வருகிறது. இன்னொன்றிலிருந்து சின்ன வண்டியில் வருகிறது. பெரிய வண்டியில் மொத்தத் தங்கம் அதிகம் என்பதற்காக அந்தச் சுரங்கம்தான் உயர்ந்தது என்று சொல்லிவிடுவார்களா? சொல்லமாட்டார்கள். 'டன்னுக்கு எத்தனை கிராம்?' என்றுதான் கேட்பார்கள். வெவ்வேறு குவியல்களை ஒரே அளவுக்குக் கொண்டு வந்து பார்ப்பது அது. அதுவும் ஒரு நார்மலைசேஷன்தான்!

கணக்கு இதுதான்

ஒரு சின்ன உதாரணம். காலை ஷிப்டில் 1,000 பேர் எழுதினார்கள். தாள் சுலபம். அதில் 70 மார்க்கும் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 700 பேர். ஆகவே, 70 மார்க்கு எடுத்தவர் நூற்றுக்கு 70 பேருக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறார். இதைத்தான் 'பெர்சென்டைல் 70' என்கிறார்கள்.

மாலை ஷிப்டிலும் 1,000 பேர். தாள் கடினம். அங்கே 60 மார்க்கும் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 700 பேர். ஆக, மாலையில் 60 எடுத்தவருக்கும் பெர்சென்டைல் 70-தான்.

முடிவு: காலையில் எடுத்த 70-ம், மாலையில் எடுத்த 60-ம் சமம்! ஏதாவது ஒரு ஷிப்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற ஷிப்டுகளில் அதே பெர்சென்டைலில் நிற்பவர்களுக்கு அதற்குரிய மார்க்கைக் கொடுத்து விடுவார்கள்.

டீக்கடையில் 66 எடுத்தவர் 71 எடுத்தவரை முந்தியது இப்படித்தான். யாரும் யாருடைய மார்க்கையும் திருடவில்லை. அவருக்கு வந்த தாள் கடினமானது, அவ்வளவுதான்.

என்ஜினீயரிங் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் பரீட்சையில் 2019 முதல் பெர்சென்டைல் முறைதான். ஒரே எண்ணில் பலர் மோதிக்கொள்ளாமல் இருக்க, புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை கணக்கிடுகிறார்கள்!

'கேட்' பரீட்சையில் வேறு வழி. ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் வரிசையில் இருப்பவர்கள், அதாவது ஆயிரத்துக்கு ஒருவர் வீதம், எடுத்த மார்க்கின் சராசரியைப் பார்க்கிறார்கள். அந்த ஷிப்டின் பொதுச் சராசரியையும், மார்க்குகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றையும் வைத்து ஒரு சூத்திரம்.

இத்தகைய கணக்கில் விசித்திரங்களும் உண்டு. 2019 மார்ச்சில் ரெயில்வே குரூப் 'டி' பரீட்சை முடிவு வந்தபோது, 100-க்கு 100-க்கும் மேலே மார்க்கு பெற்றவர்கள் இருந்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. சமப்படுத்திய மார்க்கு 100-ஐத் தாண்டக்கூடும் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் வேறு வகை

எல்லைக்கு அந்தப்பக்கம் வேலூரிலும் திருப்பத்தூரிலும் உறவுக்காரர் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு 2007-இல் ரத்தாயிற்று. பிளஸ்-2 மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரும் வருகிறார்; வேறு போர்டில் படித்தவரும் வருகிறார். இருவரையும் எப்படி ஒப்பிடுவது?

ஒவ்வொரு போர்டிலும் அந்தப் பாடத்தில் முதல் மார்க்கு எதுவோ, அதை 100 என்று வைத்துக் கொள்கிறார்கள். ஒரு போர்டில் பவுதிகத்தில் முதல் மார்க்கு 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆக்குவார்கள். அதே போர்டில் 60 எடுத்த மாணவருக்கு 66.66 கிடைக்கும்.

"ஒரே நாள், ஒரே ஷிப்ட்!"

கணக்கு சரி. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை.

2024 நவம்பர் 11-ந்தேதி பிரயாக்ராஜ் நகரில், உத்தரபிரதேச மாநிலத் தேர்வாணையத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். "ஒரே நாள், ஒரே ஷிப்ட், நார்மலைசேஷன் வேண்டாம்" என்பது அவர்கள் கோஷம். நான்காம் நாள், பி.சி.எஸ். முதல்நிலைத் தேர்வை ஒரே நாளில் நடத்துவதாக ஆணையம் இறங்கி வந்தது. அடுத்த மாதமே பீகாரில் பாட்னாவிலும் இதே பிரச்சினைக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

டாக்டர்களின் மேல்படிப்புக்கான 'நீட்' பரீட்சை 2024-இல் இரண்டு ஷிப்டாக நடந்தது. 2025-இலும் அப்படியே நடத்த ஏற்பாடாகியிருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. எந்த இரண்டு கேள்வித்தாளும் ஒரே கடினம் கொண்டவை என்று சொல்ல முடியாது. நார்மலைசேஷன் என்பது விதிவிலக்கான நேரத்துக்கு உரியது, ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்வதற்கு உரியது அல்ல என்ற கருத்தில், ஒரே ஷிப்டாக நடத்தும்படி 2025 மே 30-ந்தேதி கோர்ட்டு உத்தரவிட்டது. ஆகஸ்டு 3-ந்தேதி பரீட்சை ஒரே ஷிப்டில் நடந்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு ஷிப்டிலும் சம அளவு கெட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பெர்சென்டைல் கணக்கு நடக்கிறது. லட்சம் பேரைக் கலந்து பிரித்தால் அது ஏறக்குறைய உண்மை. எண்ணிக்கை குறைந்தாலோ, ஒரு ஷிப்டில் கெட்டிக்காரர்கள் அதிகமாகச் சேர்ந்துவிட்டாலோ, கணக்கு தவறும். கெட்டிக்காரர் கூட்டத்தில் மாட்டிய சுமாரான மாணவர் பின்னால் தள்ளப்படுவார்.

கம்ப்யூட்டரில் இரண்டு 'கோலார்'

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் நார்மலைசேஷனுக்கு வேறு அர்த்தம் சொல்வார்கள்.

ஒரு குமாஸ்தா பத்து ரிஜிஸ்தர் வைத்திருக்கிறார். ஒரே தொழிலாளியின் விலாசம் பத்திலும் எழுதியிருக்கிறது. அவர் வீடு மாறினால் பத்திலும் திருத்த வேண்டும். ஒன்பதில் திருத்தி ஒன்றில் மறந்தால், தபால் பழைய வீட்டுக்குப் போகும். அதற்குப் பதில், விலாசத்தை ஒரே ரிஜிஸ்தரில் எழுதி, மற்றவற்றில் அவர் நம்பரை மட்டும் போட்டால்? திருத்தம் ஒரே இடத்தில் முடிந்தது! கம்ப்யூட்டர் தகவல் தொகுப்பில் இதைத்தான் நார்மலைசேஷன் என்கிறார்கள். 1970-இல் இதற்கு வழிகாட்டியவர் கோட் என்ற அறிஞர்.

தமிழ் எழுத்திலும் இது உண்டு. 'கோலார்' என்று அடிக்க வேண்டும். 'கோ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு! யூனிகோடு முறையில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர வகை செய்திருக்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால், ஒரே பெயரைத் தேடினால் 'இல்லை' என்று பதில் வரும். ஆளும் இருப்பார், பெயரும் இருக்கும், பதில் மட்டும் 'இல்லை'!

'நிலைமை சகஜமாகிவிட்டது'

அரசியலில் இந்தச் சொல்லுக்கு வேறு முகம்.

அமெரிக்காவும் சீனாவும் 1979 ஜனவரி 1-ந்தேதி முறையான உறவு தொடங்கின. அதை உறவு சகஜமானது என்றார்கள். அது பகை தணிந்த கதை.

செக்கோஸ்லோவாகியாவில் நடந்தது நேர் எதிர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் அந்த நாட்டுக்குள் நுழைந்தன. பேச்சுரிமை தந்த சீர்திருத்தங்கள் துடைத்தெறியப்பட்டன. 1969-இல் ஹூசாக் தலைமைக்கு வந்தார். அதைத் தொடர்ந்து 1989 வரை நீடித்த காலத்துக்கு ஆட்சியாளர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'நார்மலைசேஷன்'! வாயை மூடி வைத்ததற்குப் பெயர் சகஜநிலை.

கர்நாடகத் தமிழர்களுக்கும் இந்தச் சொல் பழக்கமானதுதான். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி பெங்களூரில் கலவரம் மூண்டது. பல தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போயின. பஸ் ஓடியது, கடை திறந்தது, நிலைமை சகஜமானது. ஆனால் பூட்டிய வீட்டுக்காரர் திரும்பி வந்து, அக்கம்பக்கத்தில் முன்போல் பேசத் தொடங்கிய நாள்தான் அவருக்கு உண்மையான சகஜநிலை. இரண்டு நாட்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பழகிப்போன தூசி

கடைசியாக ஒரு பொருள். இதுதான் ஆபத்தானது. தவறான ஒன்று நெடுநாள் நடந்தால், அதுவே சரி என்று மனம் ஒப்புக்கொண்டு விடுவது.

1986 ஜனவரி 28-ந்தேதி அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டார்கள். ரப்பர் வளையம் ஒன்றில் கோளாறு. அந்தக் கோளாறு முந்தைய பயணங்களிலும் தலைகாட்டியது. ஆனால் கலம் பத்திரமாகத் திரும்பி வந்ததால், 'இது சகஜம்' என்று விட்டு விட்டார்கள். டயான் வாகன் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். தவறு சகஜமாகிப் போனதுதான் விபத்துக்கு வேர் என்றார்.

தங்கவயலில் இதற்கு விண்கலம் தேவையில்லை. பாறைத் தூசியால் நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்ததே இந்தக் கோலார் சுரங்கத்தில்தான். இருந்தும் எத்தனை வீடுகளில் "சுரங்கக்காரனுக்கு இருமல் சகஜம்" என்று சொல்லிக் காலம் போயிற்று!

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந்தேதி மூடப்பட்டது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், 'சயனைடு மலை'களாக நிற்கிறது. மொத்தம் 13 மேடுகள். சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். அவற்றைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதித்தது. காற்றுக் காலத்தில் அந்த மேடுகளிலிருந்து தூசி கிளம்பும். ஜன்னலைச் சாத்துவார்கள், சோற்றுப் பானையை மூடுவார்கள். "இது எப்பவும் இருக்கறதுதானே" என்பார்கள்.

எப்பவும் இருப்பது வேறு. சரியாக இருப்பது வேறு.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆக, யாராவது 'நார்மல்' என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்த மட்டத்தை வைத்துப் பார்த்தீர்கள்? அந்த மட்டத்தை எங்களுக்குக் காட்டுவீர்களா?

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அறிவிப்பிலேயே எந்த முறையில் சமப்படுத்துவார்கள் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுதிய தேதியையும் ஷிப்டையும் குறித்து வைக்க வேண்டும். விடைத்தாளையும் சரியான விடைகளையும் வெளியிட்டதும் தாமே மார்க்கு போட்டுப் பார்க்க வேண்டும். வெளியிட்ட விடை தவறு என்று தெரிந்தால் கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். ரெயில்வே பரீட்சையில் ஒரு கேள்விக்கு 50 ரூபாய் கட்டணம். ஆட்சேபணை சரி என்றால் பணம் திரும்ப வரும். சமப்படுத்துவதே அசல் மார்க்கை வைத்துத்தான். அசலில் ஒரு மார்க்கு விட்டால், எந்தச் சூத்திரமும் அதைத் திருப்பித் தராது.

டீக்கடையில் 71 எடுத்த இளைஞர் இதையெல்லாம் தாத்தாவுக்கு விளக்கிச் சொன்னார். பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"டன்னுக்கு எத்தினி கிராம்னு பாக்கறது ஞாயம்தான். அவன் நல்லா இருக்கட்டும். ஆனா நிறுக்கற தராசை எங்க கண்ணு முன்னால வெச்சு நிறுக்கச் சொல்லு."

வேலை கிடைத்த பையன் டீக்குக் காசு கொடுத்தான். மற்றவன் அடுத்த பரீட்சைக்கு எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று செல்போனில் தேட ஆரம்பித்தான்.